ஒரிகன் தடம்

ஒரிகன் தடம் என்பது 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் பெருங்கடலை அடுத்த ஒரிகன் பகுதிக்குக் குடியேறிகள் மேற்கு நோக்கிச் சென்ற வண்டிப்பாதை ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 3,490 கிலோமீட்டர் (2,170 மைல்). ஐக்கிய அமெரிக்காவின் இன்றைய மிசூரி, கேன்சஸ், நெப்ராஸ்கா, வயோமிங், ஐடஹோ, ஒரிகன் ஆகிய மாநிலங்களின் வழியாக இது சென்றது. 1840களின் தொடக்கத்திலிருந்து 1869 வரையான காலத்தில், இத்தடத்தையும் இதிலிருந்து பிரிந்த கிளைத் தடங்களையும் பயன்படுத்தி மூன்று முதல் நான்கு இலட்சம் பேர் ஒரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய பகுதிகளுக்குச் சென்றனர் என மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கப் பொது நினைவில் இத்தடம் குறித்து இரண்டு கருத்துகள் வேரூன்றியுள்ளன. பயணிகளுக்கு நேர்ந்த பேரிடர் தொல்குடி மக்களின் தாக்குதலே என்பது ஒன்று. அவர்கள் சென்று சேர்ந்த நிலம் எவருக்கும் உரியதல்லாத வெற்று நிலம் என்பது மற்றொன்று. பயணிகளின் நாட்குறிப்புகளும் அரசு ஆவணங்களும் இவ்விரண்டையும் உறுதிப்படுத்தவில்லை. பயணிகளை மிகுதியாகக் கொன்றது நோய். அவர்கள் அடைந்த நிலமோ பல நூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து பண்படுத்திய நிலம் ஆகும்.

சொல் விளக்கம்

மேற்கு நோக்கி முதலில் சென்று குடியேறியவர்கள் அமெரிக்க வரலாற்றில் "முன்னோடிகள்" எனப்படுகின்றனர். அவர்கள் சென்ற இடம் "எல்லைப்புறம்" எனப்படுகிறது. இங்கு எல்லைப்புறம் என்பது இரு நாடுகளுக்கு இடையேயான எல்லையைக் குறிப்பதன்று. வெள்ளையர் குடியிருப்புகள் எங்கு முடிகின்றனவோ அந்த விளிம்பையே அது குறித்தது. அவ்விளிம்புக்கு அப்பால் வாழ்ந்த தொல்குடி மக்களை அச்சொல் கணக்கில் கொள்ளவில்லை. குடியேற்றம் பெருகப் பெருக அவ்விளிம்பும் மேற்கே நகர்ந்தது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடுத்து, அத்தகைய எல்லைக்கோடு இனி இல்லை என அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை அறிவித்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு பிரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாளர் 1893இல், அமெரிக்கரின் இயல்பை உருவாக்கியது எல்லைப்புற வாழ்வே என வாதிட்டார். அவருடைய கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. தொல்குடி மக்களையும் பெண்களையும் கறுப்பினத்தவரையும் அது புறக்கணித்தது எனப் பின்னாளைய ஆய்வாளர்கள் மறுத்துரைத்தனர்.

பின்னணி

1803இல் ஐக்கிய அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பகுதியை விலைக்கு வாங்கியது. அதனை அடுத்து லூயிஸ், கிளார்க் ஆகியோர் தலைமையிலான குழு 1804 முதல் 1806 வரை பசிபிக் கரை வரை சென்று திரும்பியது. ஆயினும் அக்குழு ராக்கி மலைத்தொடரைக் கடந்த வழி செங்குத்தானது, வண்டிகளுக்கு ஏற்றதன்று.

வண்டிகள் செல்லத்தக்க வழியை வெளியுலகிற்கு அறிவித்தவர்கள் மென்மயிர் வணிகர்கள் ஆவர். 1812இல் ஒரிகன் கரையிலிருந்து கிழக்கே திரும்பிய ராபர்ட் ஸ்டூவர்ட் குழுவினர், இன்றைய வயோமிங்கில் உள்ள தென் கணவாய் வழியாக மலைத்தொடரைக் கடந்தனர். பின்னர் 1824இல் ஜெடிடையா ஸ்மித் குழுவினர் தொல்குடியினரிடம் வழி கேட்டறிந்து அக்கணவாயை மீண்டும் கண்டனர். இத்தடத்தின் பெரும்பகுதி, விலங்குகளும் தொல்குடி மக்களும் முன்னரே நடந்து பழகிய பாதைகளே ஆகும்.

1836இல் மார்க்கஸ் விட்மன், ஹென்றி ஸ்பால்டிங் ஆகிய கிறித்தவ மறைப்பணியாளர்கள் தம் மனைவியருடன் ஒரிகன் சென்றனர். அவர்களின் மனைவியரான நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் ஆகிய இருவருமே ராக்கி மலைத்தொடரைத் தரைவழியே கடந்த முதல் வெள்ளை அமெரிக்கப் பெண்கள் ஆவர். குடும்பத்தோடு இவ்வழியே செல்ல இயலும் என்ற நம்பிக்கையை அவர்களின் பயணம் ஏற்படுத்தியது.

அக்காலத்தில் ஒரிகன் எந்த ஒரு நாட்டுக்கும் முழு உரிமையாக இருக்கவில்லை. 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதனைக் கூட்டாகப் பயன்படுத்தி வந்தன. 1846ஆம் ஆண்டு ஒரிகன் உடன்படிக்கையில்தான் 49ஆம் வடக்கு அகலக்கோடு எல்லையாக ஏற்கப்பட்டது. இவ்விரு உடன்படிக்கைகளிலும் அங்கு வாழ்ந்த தொல்குடி மக்கள் எவரும் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை.

குடியேற்றத்திற்கான காரணங்கள்

குடியேறிகளுள் பெரும்பாலோர் மிசூரி, இலினொய், அயோவா, இந்தியானா முதலிய பகுதிகளின் உழவர் குடும்பத்தினர் ஆவர். அவர்களைப் புறப்படத் தூண்டிய முதன்மைக் காரணங்கள் பின்வருமாறு:

- 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் வேளாண் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. பலர் கடனில் மூழ்கினர்.
- மிசிசிப்பி, மிசூரி ஆற்றுப் படுகைகளில் மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் மக்களை வாட்டியது.
- குடியேறும் ஒவ்வொருவருக்கும் 640 ஏக்கர் நிலம் வழங்கும் சட்ட முன்வரைவை மிசூரி மேலவை உறுப்பினர் லூயிஸ் லின் கொண்டுவந்தார். 1843இல் மேலவை அதனை ஏற்றது. அது சட்டமாகவில்லை எனினும், நிலம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பரவியது.
- கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்கருக்கு இறைவன் விதித்த கடமை என்ற கருத்து இதழ்களின் வழியாகப் பரப்பப்பட்டது. 1845இல் ஜான் ஓ'சல்லிவன் என்ற இதழாசிரியர் அதற்கு "வெளிப்படை விதி" எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மிக வறியவர்கள் இப்பயணத்தை மேற்கொள்ள இயலவில்லை. வண்டி, எருதுகள், ஆறு மாத உணவு ஆகியவற்றுக்குப் பல நூறு டாலர் தேவைப்பட்டது. நிலத்தை விற்றுப் பணமாக்கக்கூடிய நடுத்தர உழவர்களே மிகுதியாகச் சென்றனர்.

வழித்தடம்

இத்தடம் ஆறுகளை ஒட்டியே அமைந்திருந்தது. எருதுகளுக்கு நாள்தோறும் தண்ணீரும் புல்லும் வேண்டியிருந்ததே இதற்குக் காரணம். கிழக்கிலிருந்து மேற்காக அதன் முக்கிய இடங்கள்:

- இன்டிபென்டென்ஸ், மிசூரி: தொடக்க காலத்தில் பயணிகள் கூடிய ஊர். பின்னாளில் செயின்ட் ஜோசப், கவுன்சில் பிளப்ஸ் முதலிய ஊர்களிலிருந்தும் புறப்பட்டனர்.
- பிளாட் ஆறு: நெப்ராஸ்காச் சமவெளியில் ஓடும் அகன்ற, ஆழமற்ற ஆறு. இதன் கரையில் பல வாரங்கள் பயணம் தொடர்ந்தது.
- சிம்னிப் பாறை: மேற்கு நெப்ராஸ்காவில் புகைபோக்கி போல உயர்ந்து நிற்கும் பாறை. பயணிகளின் நாட்குறிப்புகளில் மிகுதியாக இடம்பெற்ற அடையாளம் இதுவே.
- லாரமி கோட்டை: 1834இல் மென்மயிர் வணிக நிலையமாகத் தொடங்கியது. 1849இல் அமெரிக்கப் படை இதனை வாங்கியது.
- இன்டிபென்டென்ஸ் பாறை: பயணிகள் தம் பெயர்களைப் பொறித்த கருங்கற்பாறை. ஜூலை 4ஆம் நாளுக்குள் இதனை அடைந்தால் பனிக்காலத்திற்கு முன் மலைகளைக் கடந்துவிடலாம் எனக் கணக்கிட்டனர்.
- தென் கணவாய்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,260 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெயர் கணவாய் எனினும் இது மெல்லச் சரிந்து செல்லும் அகன்ற வெளியே. இங்குதான் அட்லாண்டிக் பக்கம் ஓடும் ஆறுகளும் பசிபிக் பக்கம் ஓடும் ஆறுகளும் பிரிகின்றன.
- ஹால் கோட்டை, ஐடஹோ: இதற்கு மேற்கே ஸ்னேக் ஆற்றை ஒட்டிய வறண்ட, கரடுமுரடான எரிமலைப் பாறை நிலம் தொடங்கியது.
- நீல மலைகள், ஒரிகன்: காடு அடர்ந்த செங்குத்தான மலைகள்.
- தி டேல்ஸ்: கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள இடம். தொடக்கத்தில் இங்கு வண்டிகளைத் தெப்பங்களில் ஏற்றி, நீர் சுழித்தோடும் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. 1846இல் ஹுட் மலையின் தெற்கே பார்லோ சாலை திறக்கப்பட்ட பின் தரைவழியும் கிடைத்தது. அச்சாலைக்கு வண்டி ஒன்றுக்கு 5 டாலர் சுங்கம் வாங்கப்பட்டது.
- ஒரிகன் நகரம்: வில்லமெட் ஆற்றருவியை அடுத்த ஊர், தடத்தின் முடிவிடம்.

பயணம்

வண்டியும் எருதுகளும்

பயணிகள் பயன்படுத்தியது கூண்டு வண்டி ஆகும். வண்டியின் தொட்டி சுமார் 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடையது. வளைத்த மரச் சட்டங்களின் மேல் எண்ணெய் பூசிய துணி போர்த்தப்பட்டது. திரைப்படங்களில் காட்டப்படும் பெரிய கொனெஸ்டோகா வண்டிகள் இத்தடத்திற்கு ஏற்றவை அல்ல. அவற்றின் எடையை இழுத்து விலங்குகள் மாண்டிருக்கும். சிறிய வண்டியில் ஏறத்தாழ ஒரு டன் சுமையை ஏற்ற முடிந்தது. வறண்ட காற்றில் சக்கரத்தின் மரம் சுருங்கியதால் இரும்புப் பட்டை கழன்று விழுவது வழக்கம். பயணிகள் மர ஆப்புகளை அடித்தும், சக்கரங்களை இரவில் ஆற்றில் ஊறவைத்தும் அதனைச் சரிசெய்தனர்.

குதிரைகளைவிட எருதுகளையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர். எருது மெதுவாக நடக்கும். ஆனால் விலை குறைவு. வழியில் கிடைக்கும் புல்லை உண்டே உழைக்கும். ஒரிகனை அடைந்ததும் ஏரில் பூட்டலாம். ஒரு நாளில் சராசரியாக 15 மைல் (24 கி.மீ.) செல்ல முடிந்தது. முழுப் பயணத்திற்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆயின.

புறப்படும் காலம்

புறப்படும் நாளைத் தேர்ந்தெடுப்பது இப்பயணத்தின் மிக நுட்பமான முடிவாக இருந்தது. மிக முன்னதாகப் புறப்பட்டால் சமவெளியில் புல் முளைத்திராது; எருதுகள் பட்டினியால் சாகும். தாமதித்தால் முன்சென்ற கூட்டங்களின் விலங்குகள் புல்லை மேய்ந்து முடித்திருக்கும். மேற்கு மலைகளில் பனி பெய்யத் தொடங்கிவிடும். எனவே ஏப்ரல் இறுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட சில வாரங்களிலேயே பெரும்பாலோர் புறப்பட்டனர். இதனால் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே காலத்தில் ஒரே பாதையில் சென்றன. தொற்றுநோய் பரவுவதற்கு இந்நெரிசலும் ஒரு காரணமாயிற்று.

உணவும் அன்றாட வாழ்வும்

வயது வந்த ஒருவருக்கு 200 பவுண்டு (90 கி.கி.) மாவு, 150 பவுண்டு (68 கி.கி.) உப்பிட்ட பன்றி இறைச்சி, 10 பவுண்டு காப்பி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு உப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுமாறு 1840களில் வெளியான வழிகாட்டி நூலொன்று பரிந்துரைத்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு உணவே வண்டியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். எனவே பயணிகள் வண்டியில் அமர்ந்து செல்லவில்லை. நோயாளிகள், குழந்தைகள், முதியோர் தவிர ஏனையோர் ஏறத்தாழ முழுத் தொலைவையும் நடந்தே கடந்தனர். வீட்டிலிருந்து எடுத்துவந்த மேசை, அலமாரி, அடுப்பு முதலியவற்றை வழியில் எறிந்துவிட நேர்ந்தது. அத்தகைய பொருள்கள் பாதையோரத்தில் குவிந்து கிடந்ததைப் பலர் எழுதியுள்ளனர்.

மரங்களற்ற சமவெளியில் காட்டெருமைகளின் உலர்ந்த சாணமே விறகாயிற்று. அதனைப் பொறுக்குவது பெண்கள், சிறுவர்களின் வேலை. சமையல், துவைத்தல், குழந்தைகளைப் பேணுதல் ஆகியவற்றோடு, ஆண்கள் நோயுற்றபோது வண்டி ஓட்டுவதும் பெண்களின் பொறுப்பாயிற்று. கருவுற்ற நிலையில் பயணம் செய்த பெண்களும் பலர். பேறு முடிந்த மறுநாளே வண்டி மீண்டும் புறப்பட்டுவிடும். பெண்கள் எழுதிய நாட்குறிப்புகளில் பல, வழியில் கண்ட புதைகுழிகளின் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து வைத்துள்ளன.

1843ஆம் ஆண்டுப் பெரும் பயணம்

1841, 1842ஆம் ஆண்டுகளில் சிறு குழுக்கள் சென்றிருந்தாலும், 1843இல் சென்ற குழுவே இத்தடத்தை நிலைநிறுத்தியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளுடன் புறப்பட்டனர். ஹால் கோட்டைக்கு மேற்கே வண்டிகள் செல்ல இயலா என்பதே அதுவரை நிலவிய கருத்து. கிழக்கே சென்று திரும்பிக்கொண்டிருந்த மார்க்கஸ் விட்மன் இயலும் என ஊக்கமளித்தார். பயணிகள் காடு திருத்தி வழியமைத்துத் தம் வண்டிகளைக் கொலம்பியா ஆறு வரை கொண்டு சென்றனர். நீல மலைகளின் ஊடாகக் கயூஸ் இனத்தைச் சேர்ந்த ஸ்டிக்கஸ் என்ற தலைவர் அவர்களுக்கு வழிகாட்டினார்.

சோர்ந்தும் உணவின்றியும் வந்து சேர்ந்தவர்களுக்கு வான்கூவர் கோட்டையில் இருந்த பிரித்தானிய ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் தலைமை அலுவலர் ஜான் மெக்லாக்லின் உணவும் விதையும் கடனாக வழங்கினார். இது தம் நாட்டின் நலனுக்கு எதிரானது என்பதை அவர் அறியாதவர் அல்லர். பின்னாளில் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோதும், ஒரிகன் நகரத்தில் அவருக்கிருந்த நில உரிமையை 1850ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது.

இறப்புகள்

இத்தடத்தில் இறந்தோரின் எண்ணிக்கை குறித்துத் துல்லியமான பதிவுகள் இல்லை. நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. முதன்மைக் காரணங்கள்:

- வாந்திபேதி (காலரா): 1849, 1850, 1852ஆம் ஆண்டுகளில் பிளாட் ஆற்றங்கரையில் கடுமையாகப் பரவியது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறந்துவிடுவதும் உண்டு. மாசுபட்ட நீரால் நோய் பரவுகிறது என்பதை அக்காலத்தில் அறிந்திருக்கவில்லை. முகாமிட்ட இடத்தின் அருகிலேயே கழிவும் கிணறும் இருந்தன.
- பிற நோய்கள்: வயிற்றளைச்சல், தட்டம்மை, காய்ச்சல், உயிர்ச்சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி.
- விபத்துகள்: ஆற்றில் மூழ்குதல், நகரும் வண்டியிலிருந்து தவறிச் சக்கரத்தின் அடியில் விழுதல், துப்பாக்கி தவறுதலாக வெடித்தல். சக்கர விபத்துகளில் சிறுவர்களே மிகுதியாக இறந்தனர்.

பாதையிலேயே புதைத்து, அதன்மேல் வண்டிகளை ஓட்டிச் செல்வதும் வழக்கமாக இருந்தது. விலங்குகள் தோண்டாமல் இருக்கவும், புதைத்த இடம் பிறருக்குத் தெரியாமல் இருக்கவும் அவ்வாறு செய்தனர். எனவே அடையாளம் காணப்பட்ட கல்லறைகள் மிகச் சிலவே.

தொல்குடி மக்களும் தடமும்

வழியில் நிகழ்ந்த உறவுகள்

வரலாற்றாளர் ஜான் அன்ரூ பயணிகளின் நாட்குறிப்புகளையும் அக்கால இதழ்களையும் ஆராய்ந்து, 1840 முதல் 1860 வரையான காலத்தில் தொல்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர் எனவும், பயணிகளால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர் எனவும் கணக்கிட்டார். இலட்சக்கணக்கானோர் சென்ற பாதையில் இது மிகச் சிறிய எண்ணிக்கை ஆகும். 1854இல் வார்டு குழுவும் 1860இல் அட்டர் குழுவும் ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் தாக்கப்பட்டது போன்ற கொடிய நிகழ்வுகளும் உண்டு. ஆனால் அக்காலத்தில் குடியேறிகள் மீது நிகழ்ந்த மிகப் பெரிய படுகொலை, 1857 செப்டம்பர் 11இல் யூட்டாவின் மவுன்டன் மெடோஸ் என்னும் இடத்தில் நிகழ்ந்ததாகும். அங்குச் சுமார் 120 பேரைக் கொன்றதில் முதன்மைப் பங்கு வகித்தவர்கள் மோர்மன் குடிப்படையினர். தொல்குடியினர் சிலரும் உடனிருந்தனர்.

பெரும்பாலான சந்திப்புகள் வணிகமாகவே இருந்தன. சோசோனி மக்கள் ஸ்னேக் ஆற்றங்கரையில் சால்மன் மீனை விற்றனர். ஆற்றைக் கடக்க உதவினர். கயூஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் உருளைக்கிழங்கும் குதிரைகளும் விற்றனர். பானி, லக்கோட்டா மக்கள் தம் நிலத்தின் புல்லுக்கும் வேட்டை விலங்குகளுக்கும் ஈடாகச் சுங்கம் கேட்டனர். பயணிகளுட் பலர் அதனைப் பிச்சை என்றோ கொள்ளை என்றோ எழுதினர். வெள்ளையர் நடத்திய பார்லோ சாலையிலும் படகுத்துறைகளிலும் அவர்களே சுங்கம் செலுத்தினர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

தடம் விளைவித்த சேதம்

பல்லாயிரம் எருதுகள் ஆற்றங்கரைப் புல்லை ஆண்டுதோறும் மேய்ந்து தீர்த்தன. குளிர்காலத் தங்குமிடங்களாக இருந்த ஆற்றோர மரங்கள் விறகாயின. காட்டெருமைகள் தடத்தை விட்டு விலகின. 1849ஆம் ஆண்டு வாந்திபேதி பானி, செயேன் முதலிய மக்களையும் பெருமளவில் அழித்தது.

1851இல் லாரமி கோட்டை உடன்படிக்கை செய்யப்பட்டது. பயணிகள் அச்சமின்றிச் செல்லவும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள் 50 ஆண்டுகளுக்கு வழங்கப்படவும் இணக்கம் ஏற்பட்டது. அமெரிக்க மேலவை பின்னர் அக்காலத்தை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. 1854 ஆகஸ்டில் குடியேறி ஒருவரின் பசு வழிதவறி லக்கோட்டா முகாமில் நுழைந்து கொல்லப்பட்டது. தலைவர் கான்கரிங் பேர் ஈடு தர முன்வந்தார். அதனை ஏற்காமல் துணைப்படைத்தலைவர் கிராட்டன் 29 வீரர்களுடன் சென்று சுடத் தொடங்கினார். தலைவர் கொல்லப்பட்டார், கிராட்டனும் அவருடன் சென்றோரும் மாண்டனர். அடுத்த ஆண்டு அமெரிக்கப் படை பழிவாங்கும் நோக்கில் புளூ வாட்டர் ஓடையில் ஒரு லக்கோட்டா முகாமைத் தாக்கிப் பெண்கள், குழந்தைகள் உட்பட 86 பேரைக் கொன்றது. சமவெளிப் போர்கள் இவ்வாறு தொடங்கின.

விட்மன் நிகழ்வு

1847ஆம் ஆண்டுக் குடியேறிகளுடன் தட்டம்மை கயூஸ் மக்களிடையே பரவியது. அப்பகுதிக் கயூஸ் மக்களுட் பாதிப்பேர் வரை இறந்தனர். மருத்துவரான மார்க்கஸ் விட்மன் இரு சாராருக்கும் மருத்துவம் செய்தார். நோய் எதிர்ப்பு ஆற்றல் பெற்றிருந்த வெள்ளைச் சிறுவர்களிற் பலர் பிழைத்தனர். கயூஸ் சிறுவர்கள் மாண்டனர். அவர் நஞ்சிடுகிறார் என்ற ஐயம் எழுந்தது. நோயாளியைக் காக்கத் தவறிய மருத்துவரின் உயிரைக் கேட்பது அவர்களின் வழக்கமாகவும் இருந்தது. 1847 நவம்பர் 29 அன்று தொடங்கிய தாக்குதலில் விட்மன் இணையர் உட்பட 13 பேர் கொல்லப்பட்டனர். இதனை அடுத்துப் போர் மூண்டது. 1848 ஆகஸ்டில் ஒரிகன் அமெரிக்க ஆட்சிப்புலமாக அமைக்கப்பட்டது. 1850 ஜூன் 3இல் கயூஸ் ஆண்கள் ஐவர் ஒரிகன் நகரத்தில் தூக்கிலிடப்பட்டனர்.

வில்லமெட் பள்ளத்தாக்கும் கலபூயா மக்களும்

குடியேறிகளின் இலக்கு வில்லமெட் பள்ளத்தாக்கு ஆகும். மரம் வெட்டாமலேயே உழத்தக்க பரந்த புல்வெளியை அங்குக் கண்டு அவர்கள் வியந்தனர். அப்புல்வெளி தானாக அமைந்ததன்று. அங்கு வாழ்ந்த கலபூயா மக்கள் ஆண்டுதோறும் கோடை இறுதியில் திட்டமிட்டுத் தீயிட்டு, காடு மூடாமல் காத்துவந்தனர். காமஸ் கிழங்கும் கருவாலி மரக் கொட்டையும் வேட்டை விலங்குகளும் செழிக்க அது உதவியது.

பள்ளத்தாக்கு வெறுமையாகத் தோன்றியதற்கும் காரணம் உண்டு. 1830களின் தொடக்கத்தில், கப்பல்களும் வணிகர்களும் வந்துசென்ற கொலம்பியா ஆற்றுப் பகுதியில் மலேரியா பரவியது. கலபூயா மக்களுட் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். குடியேறிகள் கண்டது ஆளில்லா நிலம் அன்று. ஆள்களை அண்மையில் இழந்த நிலம்.

நிலச் சட்டங்கள்

1850ஆம் ஆண்டு ஒரிகன் நிலக்கொடைச் சட்டம் நான்கு ஆண்டுகள் தங்கிப் பயிரிடும் வெள்ளை ஆண் ஒருவருக்கு 320 ஏக்கரும், மணமானவராயின் மனைவிக்கு அவர் பெயரிலேயே மேலும் 320 ஏக்கரும் வழங்கியது. அக்காலத்தில் மணமான பெண்கள் தம் பெயரில் நிலம் பெறுவது அரிது. 1850 டிசம்பருக்குப் பின் வந்தோருக்கு இதிற் பாதி வழங்கப்பட்டது. 1855 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமைகளின் கீழ்ச் சுமார் 25 இலட்சம் ஏக்கர் நிலம் குடியேறிகள் வசமாயிற்று.

தொல்குடி மக்களிடமிருந்து நிலத்தைப் பெறும் முன்னரே அந்நிலம் கொடையாக வழங்கப்பட்டது என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் குறை ஆகும். 1851இல் கலபூயா மக்களுடன் செய்யப்பட்ட உடன்படிக்கைகளில், தம் தாய்நிலத்திலேயே சிறு பகுதிகளை வைத்துக்கொள்ள அவர்கள் கேட்டனர். அவ்வுடன்படிக்கைகளை அமெரிக்க மேலவை ஏற்கவில்லை. 1855 சனவரியில் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையின்படி பள்ளத்தாக்கு முழுவதையும் அவர்கள் கைவிட நேர்ந்தது. 1856இல் அவர்கள் கிராண்ட் ரோன்ட் ஒதுக்ககத்திற்கு அனுப்பப்பட்டனர்.

கறுப்பினத்தவரும் விலக்கப்பட்டனர். ஒரிகன் தற்காலிக அரசு 1844இல் அடிமைமுறையைத் தடைசெய்தது. அதே சட்டத்தில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அங்குத் தங்குவதையும் தடுத்தது. அவ்வாண்டு தம் குடும்பத்துடன் வந்த ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பின முன்னோடி இதனால் கொலம்பியா ஆற்றின் வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறினார். பஞ்ச காலத்தில் தம் தானியத்தைப் புதிய குடியேறிகளுக்குப் பகிர்ந்தளித்தவர் அவர். அவருடைய நிலத்திற்கு உரிமை வழங்க 1855இல் அமெரிக்கப் பேரவை தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரிகன் 1859 பெப்ரவரி 14இல் மாநிலமானபோது அதன் அரசியலமைப்பிலும் கறுப்பினத்தவர் குடியேறத் தடை இருந்தது. அது 1926இல்தான் நீக்கப்பட்டது.

கிளைத் தடங்கள்

- கலிபோர்னியாத் தடம்: ஹால் கோட்டை அருகிலும் வேறு இடங்களிலும் தென்மேற்காகப் பிரிந்தது. 1848 சனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கண்டறியப்பட்டபின் ஒரிகனைவிடக் கலிபோர்னியா சென்றோரே மிகுந்தனர். 1846இல் சோதிக்கப்படாத குறுக்குவழியை நம்பிச் சென்ற டானர் குழுவினர் 87 பேர், சியேரா நெவாடா மலைப் பனியில் சிக்கினர். அவர்களுட் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே உயிர்பிழைத்தனர்.
- மோர்மன் தடம்: இலினொயிலிருந்து துரத்தப்பட்ட மோர்மன் சமயத்தினர் 1847 ஜூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். வண்டி வாங்க இயலாதோர் 1856 முதல் கைவண்டிகளைத் தள்ளிச் சென்றனர். அவ்வாண்டு தாமதமாகப் புறப்பட்ட இரு குழுக்களில் 200க்கும் மேற்பட்டோர் பனியில் இறந்தனர்.

தடத்தின் முடிவு

1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் கண்டங்கடந்த இருப்புப்பாதை இணைக்கப்பட்டது. ஆறு மாதப் பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகக் குறைந்தது. சில பகுதிகளில் 1880கள் வரை வண்டிகள் சென்றபோதும், நெடுந்தொலைவுப் பாதை என்ற நிலையில் தடம் தன் பயனை இழந்தது.

நினைவுகூரல்

1852இல் இத்தடத்தில் சென்ற எஸ்ரா மீக்கர் 1906இல், தம் 75ஆம் அகவையில், மீண்டும் எருது வண்டியில் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து வழியெங்கும் நினைவுக்கற்களை நாட்டினார். 1978இல் இது தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கப்பட்டது. வயோமிங்கின் கெர்ன்சி அருகே மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் பதித்த சுவடுகள் 1.5 மீட்டர் ஆழம் வரை உள்ளன.

புதிய தலைமுறையினருட் பலர் இத்தடத்தை ஒரு கணினி விளையாட்டின் வழியாகவே அறிந்தனர். 1971இல் மினசோட்டாவில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச் தம் வகுப்புக்காக இருவருடன் சேர்ந்து அதனை உருவாக்கினார். 1985இல் வெளியான பதிப்பு பள்ளிகளில் பரவியது. வயிற்றளைச்சலால் இறந்துபோவது அவ்விளையாட்டின் புகழ்பெற்ற முடிவுகளுள் ஒன்று. வரலாற்றோடு அது பொருந்துவதும் ஆகும். தொல்குடி மக்களின் பார்வை அதில் இடம்பெறவில்லை என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 2021இல் வெளியான புதிய பதிப்பு, தொல்குடி வரலாற்றாளர்களின் அறிவுரையுடன் அதனைச் சரிசெய்ய முயன்றது.

கலபூயா வழித்தோன்றல்களை உள்ளடக்கிய கிராண்ட் ரோன்ட் கூட்டுக்குடிகளின் சட்ட ஏற்பை அமெரிக்க அரசு 1954இல் நீக்கியது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1983இல் அது மீட்டளிக்கப்பட்டது. வில்லமெட் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள புல்வெளிகளைக் காக்க, அம்மக்கள் கையாண்ட தீயிடும் முறை மீண்டும் பயன்படுத்தப்படுகிறது.